விண்டோஸைத் திட்டுகிறவர்களும் விண்டோஸிலேயே இருப்பது ஏன்?

மைக்ரோசாஃப்ட் பற்றிய விவாதம் எங்கே நடந்தாலும் இரண்டே கட்சிதான். தரமில்லாத சரக்கைச் சூழ்ச்சியால் தலையில் கட்டியவர்கள் என்பார் ஒருவர். பொருள் நன்றாக இருப்பதால்தானே உலகமே வாங்குகிறது, போட்டி போட முடியாதவர்கள் புலம்புகிறார்கள் என்பார் மற்றவர். இரண்டுக்கும் கொஞ்சம் கொஞ்சம் சான்று கிடைத்துவிடுவதால் பேச்சு முடிவதே இல்லை. ஆனால் ஒரு மென்பொருள் நல்லதா கெட்டதா என்பதற்கும், அதை விட்டு வெளியேற முடிகிறதா என்பதற்கும் பெரிய தொடர்பில்லை. பிடித்து வைப்பவை அந்த மென்பொருளுக்கு வெளியே இருக்கும் இணைப்புகள்: அதன்மேல் ஓடும் செயலிகள், அது எழுதும் கோப்புகள், கணினியோடு அது வந்து சேரும் வழி. இந்த மூன்றும் பிடிபட்டால், எந்தப் போட்டியாளர் எங்கே வழுக்கி விழுவார் என்பதையும் ஓரளவு கணித்துவிடலாம்.

பெரியதாக இருப்பது குற்றமல்ல

முதலில் ஒரு சொல். ஏகபோகம் என்றால், போட்டியாளர் இருக்கிறாரே என்ற கவலையில்லாமல் விலையையும் நிபந்தனையையும் வைக்கும் பலம். அந்தப் பலம் இருப்பதே குற்றம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அமெரிக்கச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. நல்ல பொருளாலோ நல்ல நேரத்தாலோ ஏகபோகம் வந்தால் தவறில்லை. வந்ததைக் காப்பாற்றிக்கொள்ளப் போட்டியாளரின் வழியை அடைத்தால்தான் தவறு.

1998 மே மாதம் அமெரிக்க நீதித்துறையும் பல மாநிலங்களும் மைக்ரோசாஃப்ட் மீது தொடுத்த வழக்கு நின்றது இந்தப் புள்ளியில்தான். கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளுக்கு இயங்குதளம் என்று பெயர்; விண்டோஸ் அதில் ஒன்று. இன்டெல் வகைக் கணினிகளுக்கான இயங்குதளச் சந்தையில் பத்தாண்டுகளாக 90 விழுக்காட்டுக்கு மேல் மைக்ரோசாஃப்டின் கையில் இருந்தது என்று நீதிபதி தாமஸ் பென்ஃபீல்ட் ஜாக்சன் 1999இல் பதிவு செய்தார். அந்த எண் வழக்கின் தொடக்கம் மட்டுமே. இவ்வளவு பெரிய பங்கு ஏன் கரையவே இல்லை என்பதுதான் நீதிமன்றம் எடுத்துக்கொண்ட கேள்வி.

முதல் இணைப்பு: செயலிகள்

ஊரில் ஏற்கெனவே ஒரு சந்தை கூடுகிறது என்று வையுங்கள். பக்கத்திலேயே புதிதாக ஒன்று திறக்கிறார்கள். நிழல் உண்டு, தரை சுத்தம், கடைக்காரருக்கு வரியும் குறைவு. ஆனாலும் கடைக்காரர் வரமாட்டார், ஏனென்றால் வாங்குகிறவர்கள் பழைய சந்தையில் இருக்கிறார்கள். வாங்குகிறவரும் வரமாட்டார், ஏனென்றால் கடைகள் அங்கே இருக்கின்றன. இதில் யாரும் முட்டாள் இல்லை, யாரும் யாரையும் தடுக்கவும் இல்லை. ஒரு பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் கூடக் கூட, அந்தக் கூட்டமே அதன் மதிப்பைக் கூட்டுவதை வலையமைப்பு விளைவு என்பார்கள்.

மென்பொருளில் இது இன்னும் இறுக்கமானது. கடைக்காரர் சரக்கைத் தூக்கிக்கொண்டு இடம் மாறலாம். விண்டோஸுக்கு எழுதிய செயலியை, யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய கட்டற்ற இயங்குதளமான லினக்ஸுக்கு அப்படித் தூக்கிச் செல்ல முடியாது. காரணம் ஏபிஐ. கோப்பைத் திற, சாளரத்தை வரை, அச்சுப்பொறிக்கு அனுப்பு என்று ஒரு செயலி இயங்குதளத்திடம் வேலை வாங்கும் கட்டளைகளின் தொகுப்புக்கு ஏபிஐ என்று பெயர். விண்டோஸில் கோப்பைத் திறக்க ஒரு கட்டளை, லினக்ஸில் வேறொன்று; பெயரும் வேறு, கொடுக்க வேண்டிய விவரங்களும் வேறு. நடுத்தரமான ஒரு கணக்குச் செயலியிலேயே இப்படி ஆயிரக்கணக்கான இடங்கள் இருக்கும். ஒவ்வொன்றையும் மாற்றி, சோதித்து, பிறகு இரண்டு பதிப்புகளையும் காலம் முழுக்கப் பராமரிக்க வேண்டும். பயனர்கள் குறைவான இயங்குதளத்துக்காக எந்த நிறுவனம் அந்தச் செலவைச் செய்யும்?

ஐபிஎம் இதில் அடிபட்டது. அதன் ஓஎஸ்/2 இயங்குதளத்தைப் பலரும் தொழில்நுட்பத்தில் சிறந்தது என்றார்கள், ஐபிஎம்மிடம் பணத்துக்கும் குறைவில்லை. உச்சத்தில் இருந்தபோது அதற்கு ஏறத்தாழ 2,500 செயலிகள் இருந்தன. விண்டோஸுக்கோ 70,000க்கு மேல் என்று நீதிபதி ஜாக்சனின் அதே பதிவு சொல்கிறது. இந்த இடைவெளிக்கு நீதிமன்றம் வைத்த பெயர் ‘செயலித் தடை’.

ஏபிஐயையே நகலெடுத்தால் என்ன என்று கேட்கலாம். அதைத்தான் 1993 முதல் வைன் என்ற கட்டற்ற திட்டம் செய்கிறது: விண்டோஸ் கட்டளைகளை ஏற்று, அதே வேலையை லினக்ஸில் செய்து கொடுக்கும். ஆவணத்தில் எழுதியிருப்பதை நகலெடுப்பது சுலபம். எழுதப்படாத நடத்தைகளையும், செயலிகள் நம்பியிருக்கும் பிழைகளையும்கூட நகலெடுக்க வேண்டும் என்பதில்தான் ஆண்டுகள் கரைந்தன. அந்த உழைப்பின்மேல் கணினி விளையாட்டு நிறுவனமான வால்வ் 2018இல் புரோட்டான் என்ற அடுக்கைக் கட்டியது. அதன் துணையோடுதான் 2022இல் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கருவி, லினக்ஸில் ஓடிக்கொண்டே விண்டோஸ் விளையாட்டுகளை ஆட விடுகிறது. ஒரு தடை தகர ஏறத்தாழ 25 ஆண்டுகள் ஆயின, அதுவும் பெரும்பாலும் விளையாட்டுகளுக்கு மட்டும்.

நெட்ஸ்கேப்பைப் பார்த்து ஏன் பயந்தார்கள்?

நெட்ஸ்கேப் ஓர் உலாவி. இயங்குதளம் விற்ற நிறுவனத்துக்கு உலாவி ஏன் எதிரியாக வேண்டும்?

செயலிகளை விண்டோஸ் ஏபிஐக்கு எழுதாமல் உலாவிக்கே எழுத ஆரம்பித்தால், அவை எந்த இயங்குதளத்திலும் ஓடும். செயலித் தடை ஓசையில்லாமல் கரைந்துவிடும். இயங்குதளத்துக்கும் செயலிக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு தனக்கென ஏபிஐ தரும் மென்பொருளை இடைநிலை மென்பொருள் என்பார்கள். உலாவியும், ஒருமுறை எழுதிய நிரலைப் பல இயங்குதளங்களில் ஓட விடும் ஜாவாவும் அந்த வகை. 1995இல் பில் கேட்ஸ் தம் நிர்வாகிகளுக்கு இணைய அலை பற்றி எழுதிய குறிப்பிலேயே இந்த அச்சம் தெரிந்தது.

பதில் நடவடிக்கை பல பக்கமும் வந்தது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் இலவசமானது, விண்டோஸோடு பிணைக்கப்பட்டது. அதன் படவுருவை எடுக்கக் கூடாது என்று கணினித் தயாரிப்பாளர்களுக்கு உரிமத்தில் நிபந்தனை போட்டார்கள். விலையைக் குறைத்ததையோ நல்ல உலாவி செய்ததையோ நீதிமன்றம் பிழை சொல்லவில்லை. அடைத்த வழிகளைத்தான் பிழை என்றது. 2000 ஜூனில் நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்க உத்தரவு வந்தது. 2001இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. ஆனால் ஏகபோகத்தைச் சட்டத்துக்குப் புறம்பாகக் காத்துக்கொண்டது என்ற முடிவை அப்படியே நிறுத்தியது. ‘மைக்ரோசாஃப்ட் வழக்கில் வென்றுவிட்டது’ என்று இன்றும் எழுதுகிறவர்கள் இந்தப் பாதியை மறந்துவிடுகிறார்கள்.

இதுவரை பார்த்தது: இயங்குதளத்தைக் காப்பது அதன்மேல் குவிந்த செயலிகள், செயலிகளை அசைய விடாமல் வைப்பது ஏபிஐ. போட்டியாளர் இன்னொரு இயங்குதளம் செய்வதைவிட, செயலிகள் எழுதப்படும் இடத்தையே மாற்றுவது ஆபத்தான அடி.

இரண்டாவது இணைப்பு: கோப்புகள்

இங்கேதான் சாதாரணப் பயனர் பூட்டைக் கையால் தொடுகிறார். செயலியை மாற்றலாம், பத்தாண்டுகளாகச் சேர்ந்த கோப்புகளை என்ன செய்வது? அடுத்தவர் அனுப்பும் கோப்பை எப்படித் திறப்பது? ஆவணத்தை வட்டில் எந்த ஒழுங்கில் எழுதி வைப்பது என்ற விதிதான் கோப்பு வடிவம். வேர்டின் பழைய டாக் வடிவம் நீண்ட காலம் மூடிய இருமக் குவியலாக இருந்தது. மற்றவர்கள் கோப்பைப் பிரித்துப் பார்த்து ஊகித்துத்தான் படிக்கும் கருவிகளை எழுதினார்கள்.

கட்டற்ற பக்கத்திலிருந்து வந்த பதில் ஓடிஎஃப், அதாவது திறந்த ஆவண வடிவம். 2006இல் அது ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர அமைப்பின் தரமானது. மைக்ரோசாஃப்ட் தன் டாக்எக்ஸ், எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவங்களைத் தரமாக்க முன்வைத்தது. 6,000 பக்கங்களைத் தாண்டிய அந்த ஆவணம் கடும் சர்ச்சைக்குப் பிறகு 2008இல் ஐஎஸ்ஓ ஒப்புதல் பெற்றது. ஆகவே ‘டாக்எக்ஸ் மூடிய வடிவம்’ என்று இன்று சொன்னால் தவறு. ஒரு டாக்எக்ஸ் கோப்பின் நகலை எடுத்து, பெயரின் கடைசிப் பகுதியை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே எக்ஸ்எம்எல் என்ற, குறிகள் இட்ட உரைக் கோப்புகள் வரிசையாக இருக்கும், உங்கள் வாக்கியங்கள் கண்ணுக்குத் தெரியும்.

திறந்த வடிவம்தான், இருந்தும் ஏன் பக்கங்கள் குலைகின்றன? தரத்தில் இரண்டு வகை உண்டு: கறாரானது ஒன்று, பழைய ஆஃபிஸ் பதிப்புகளின் வினோதங்களையெல்லாம் சுமப்பது ஒன்று. ஆஃபிஸ் இயல்பாகச் சேமிப்பது இரண்டாவது வகையில். அந்த வினோதங்கள் எப்படிப்பட்டவை என்பதற்கு ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

எக்செலில் ஒரு கட்டத்தில் 60 என்று எழுதி, அதைத் தேதி வடிவத்துக்கு மாற்றுங்கள். 1900 பிப்ரவரி 29 என்று காட்டும். அப்படி ஒரு நாளே கிடையாது. 1900 லீப் ஆண்டு அல்ல. எக்செலுக்கு முன்னால் விரிதாள் உலகை ஆண்ட லோட்டஸ் 1-2-3 என்ற செயலியில் இருந்த பிழை அது. அந்தக் கோப்புகளைத் திறந்தால் தேதிகள் ஒரு நாள்கூட மாறக் கூடாது என்பதற்காக எக்செல் பிழையையும் சேர்த்தே நகலெடுத்தது. புதிதாக வந்தவர் பழைய அரசரின் பூட்டைத் திறக்க அவருடைய தவறையும் சுமக்க வேண்டியிருந்தது. பிறகு அந்தத் தவறே இவருடைய பூட்டின் ஒரு பல்லாகிவிட்டது. ஆஃபிஸுக்கு மாற்றான கட்டற்ற தொகுப்பு லிப்ரே ஆஃபிஸ்; அதில் அதே 60 என்ற எண் 1900 பிப்ரவரி 28. அதன் நாள் எண்ணிக்கை 1899 டிசம்பர் 30இலிருந்து தொடங்கும்படி வைக்கப்பட்டுள்ளது. அதனால் 61 முதல் இரண்டும் சரியாகப் பொருந்தும். அதற்கு முந்தைய இரண்டு மாதத் தேதிகள் மட்டும் ஒரு நாள் இடறும்.

நடைமுறையில் தேதியைவிட அதிகம் குலைப்பது எழுத்துருதான். ஆவணத்தில் கேலிப்ரி என்று குறித்திருக்கிறது, உங்கள் லினக்ஸ் கணினியில் கேலிப்ரி இல்லை என்றால், வேறொரு எழுத்துரு அந்த இடத்தில் உட்காரும். ஒவ்வோர் எழுத்தின் அகலமும் துளி மாறும். வரி முறியும் இடம் மாறும். பத்துப் பக்கம் பதினொன்றாகும். அட்டவணை அடுத்த பக்கத்துக்கு ஓடும். லிப்ரே ஆஃபிஸ் கெடுத்துவிட்டது என்று பழி அங்கே விழும். கேலிப்ரியின் அதே அகலங்களோடு செய்யப்பட்ட கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்கு ஈடான கலாடியா, ஏரியல், டைம்ஸ் நியூ ரோமன் இரண்டுக்கும் ஈடான லிபரேஷன் வகைகள் எல்லாம் இலவசம். இவற்றை நிறுவினாலே ‘பொருந்தவில்லை’ என்ற புகாரில் பெரும்பகுதி காணாமல் போகும்.

கோப்புக்குச் சொன்னது கணினிகள் பேசிக்கொள்ளும் நெறிமுறைக்கும் பொருந்தும். விண்டோஸ் கணினிகளுக்குக் கோப்பும் அச்சும் பகிரும் சாம்பா என்ற கட்டற்ற சேவையகம், வருடக்கணக்கில் கம்பியில் ஓடும் தகவலை ஒட்டுக்கேட்டுத்தான் நெறிமுறையைக் கண்டுபிடித்தது. 2004இல் ஐரோப்பிய ஆணையம் 497 மில்லியன் யூரோ அபராதம் விதித்து, இந்த விவரங்களைப் போட்டியாளர்களுக்குத் தரச் சொன்னது. 2007 டிசம்பரில் சாம்பா தரப்புக்கு அந்த ஆவணங்கள் 10,000 யூரோ கட்டணத்தில் கிடைத்தன. என் கணக்கில், அபராதத் தொகையைவிட இந்த ஆவணங்கள்தான் போட்டிக்கு உண்மையில் உதவின.

மூன்றாவது இணைப்பு: ஏற்கெனவே உள்ளே இருப்பது

பெரும்பாலோர் இயங்குதளத்தைத் தேர்ந்தெடுப்பதே இல்லை. கணினி வாங்குகிறார்கள், அது உள்ளே இருக்கிறது. விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான எம்எஸ்-டாஸ் காலத்தில் மைக்ரோசாஃப்ட் பல தயாரிப்பாளர்களோடு செய்த ஒப்பந்தம், விற்கும் ஒவ்வொரு கணினிக்கும் கட்டணம் கேட்டது. அதில் எம்எஸ்-டாஸ் ஏற்றினாலும் ஏற்றாவிட்டாலும். போட்டியாக இருந்த டிஆர்-டாஸை ஏற்ற நினைத்தவர் இரண்டுக்கும் பணம் கட்ட வேண்டும். 1994இல் அமெரிக்க அரசோடு செய்த உடன்பாட்டில் இந்த முறை கைவிடப்பட்டது. அதற்குள் விண்டோஸ் 95 வாசலுக்கு வந்துவிட்டது.

கேட்காமலே வந்து நிற்கும் தேர்வைத்தான் டீஃபால்ட் என்கிறோம். அதன் பலத்தை அளக்க ஐரோப்பா தெரியாமலே ஒரு சோதனை செய்தது. மீடியா பிளேயர் இல்லாத விண்டோஸையும் விற்க வேண்டும் என்று 2004இல் உத்தரவானது. ‘என்’ என்ற பதிப்பு வந்தது. ஆனால் விலை ஒன்றே! ஒரே விலைக்கு ஒன்றைக் குறைத்து வாங்க யார் வருவார்கள்? கிட்டத்தட்ட யாரும் வரவில்லை. பாடம் கற்ற ஆணையம், அடுத்த முறை உலாவிகளின் பட்டியலைத் திரையில் காட்டிப் பயனரையே தேர்ந்தெடுக்க வைத்தது. 2011 மே முதல் 2012 ஜூலை வரை விண்டோஸ் 7இன் ஒரு புதுப்பிப்பில் அந்தத் திரை விடுபட்டுப்போனதற்கு 561 மில்லியன் யூரோ அபராதம்.

சமீபத்திய வடிவம் டீம்ஸ். அலுவலக உரையாடலுக்கு ஸ்லாக் சந்தை பிடித்துக்கொண்டிருந்தபோது, ஆஃபிஸ் சந்தாவுக்குள்ளேயே டீம்ஸ் வந்தது. ஏற்கெனவே பணம் கட்டியாயிற்று, இன்னொன்றுக்கு ஏன் தனியாகக் கட்ட வேண்டும் என்று கணக்குப் பிரிவு கேட்கும். 2020இல் ஸ்லாக் ஐரோப்பாவில் புகார் கொடுத்தது. 2024 ஏப்ரலில் டீம்ஸைத் தனியாகப் பிரித்து உலகம் முழுக்க விற்கத் தொடங்கினார்கள்.

சுருக்கமாக: செயலிகள் வெளியேற விடுவதில்லை, கோப்புகள் வெளியேறியவரைத் திரும்ப இழுக்கின்றன, டீஃபால்ட் வெளியேறும் எண்ணமே வராமல் பார்த்துக்கொள்கிறது.

போட்டியாளர்கள் எங்கே ஜெயித்தார்கள்

மியூனிக் நகராட்சி 2003இல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றியும் விட்டது. 2017இல் மன்றம் விண்டோஸுக்குத் திரும்ப வாக்களித்தது. லினக்ஸ் ஓடவில்லை என்பது காரணமல்ல. விண்டோஸில் மட்டுமே ஓடும் துறைசார் செயலிகள், மற்ற அலுவலகங்களோடு நடந்த ஆவணப் போக்குவரத்து, கூடவே அரசியல் மாற்றம். மேலே சொன்ன இணைப்புகளில் முதல் இரண்டும் அப்படியே வந்து நிற்கின்றன. ஜெர்மனியின் ஷ்லேஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024இல் 30,000 கணினிகளை லிப்ரே ஆஃபிஸுக்கு மாற்ற முடிவெடுத்தபோது, ஆவண வடிவத்தையும் ஓடிஎஃப் என்று மாற்றும் திட்டத்தோடு வந்தது. எது முதலில் என்ற வரிசையைக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

மைக்ரோசாஃப்டை உண்மையில் வெளியே நிறுத்தியது கைப்பேசி. பழைய செயலிகள் எதுவும் அங்கே உதவவில்லை, எல்லோரும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தார்கள். 2010இல் விண்டோஸ் ஃபோன் வந்தபோது ஐஃபோனிலும் ஆண்ட்ராய்டிலும் செயலிகள் குவிந்துவிட்டன. இடைமுகத்தைப் பலர் பாராட்டினார்கள். செயலி எழுதப் போதுமானவர்கள் முன்வரவில்லை. நோக்கியாவின் கைப்பேசிப் பிரிவை 2014இல் வாங்கி, அடுத்த ஆண்டே 7.6 பில்லியன் டாலரை நஷ்டமாக எழுதினார்கள். ஓஎஸ்/2வுக்கு நேர்ந்த அதே கதை, இந்த முறை ஐபிஎம்மின் இடத்தில் மைக்ரோசாஃப்ட்.

நெட்ஸ்கேப் கனவையும் கடைசியில் நிறைவேற்றியது வேறு ஆள்தான். இன்று பாதி வேலை உலாவியில் நடக்கிறது, உலாவியோ பெரும்பாலும் கூகுளின் குரோம். அங்கே பூட்டு இல்லையா? கூகுள் டாக்ஸில் எழுதியதை டிரைவ் வழியாகக் கணினியில் பாருங்கள்: ஜிடாக் என்று முடியும் கோப்பு இருக்கும், உள்ளே உங்கள் எழுத்து ஒரு வரிகூட இருக்காது. அது சேவையகத்துக்கு ஒரு சுட்டி மட்டுமே. டாக் வடிவத்தையாவது பிரித்துப் பார்க்க முடிந்தது. டீஃபால்ட் இடத்துக்காக 2021இல் மட்டும் கூகுள் 26 பில்லியன் டாலருக்கு மேல் மற்ற நிறுவனங்களுக்குக் கொடுத்தது நீதிமன்றத்தில் வெளிவந்தது. தேடலில் சட்டவிரோத ஏகபோகம் என்று 2024 ஆகஸ்டில் தீர்ப்பும் வந்தது. புதியவர் என்பதால் மட்டும் யாரையும் நம்பத் தேவையில்லை.

மாற நினைப்பவர் எங்கே தொடங்குவது

இயங்குதளத்தில் தொடங்காதீர்கள், அது கடைசி வேலை. முதலில் விண்டோஸிலேயே லிப்ரே ஆஃபிஸ், உலாவியான ஃபயர்ஃபாக்ஸ், மின்னஞ்சலுக்கான தண்டர்பேர்ட் மூன்றையும் நிறுவிச் சில மாதம் ஓட்டுங்கள். மூன்றும் லினக்ஸிலும் இப்படியேதான் இருக்கும். சிக்கல் எது வந்தாலும் பழைய செயலி பக்கத்திலேயே இருக்கிறது, வேலை நிற்காது.

அடுத்து கோப்புகளைத் தேடுங்கள். பெயர் எக்ஸ்எல்எஸ்எம், டாக்எம் என்று முடிந்தால், அந்த ‘எம்’ மேக்ரோவைக் குறிக்கும். ஆவணத்துக்குள் ஒளிந்திருக்கும் சிறு நிரல் அது. லிப்ரே ஆஃபிஸ் சிலவற்றை ஓட்டும், பலவற்றை ஓட்டாது. 2007க்கு முந்தைய எக்ஸ்எல்எஸ், டாக் கோப்புகளில் மேக்ரோ இருந்தாலும் பெயர் காட்டிக்கொடுக்காது. அவற்றைத் திறந்துதான் பார்க்க வேண்டும். மேக்ரோக்களின் பட்டியல்தான் உங்கள் உண்மையான வெளியேறும் செலவு. வெளியிலிருந்து தரவை இழுத்துச் சீராக்கும் எக்செல் வசதியான பவர் குவெரியை நம்பியிருக்கும் தாள்களையும் அதில் சேருங்கள்.

ஒரே கோப்பை வேர்டிலும் லிப்ரே ஆஃபிஸிலும் மாறி மாறிச் சேமிப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். ஒவ்வொரு சுற்றிலும் ஏதாவது உதிரும். படிக்க மட்டும் வேண்டியவருக்கு பிடிஎஃப் அனுப்புங்கள். திருத்த வேண்டியவருக்கு டாக்எக்ஸ், ஆனால் உங்கள் மூலப்பிரதி ஓடிடி வடிவில், அதாவது ஓடிஎஃப்பின் எழுத்தாவண வகையில், உங்களிடமே இருக்கட்டும்.

விண்டோஸில் மட்டும் ஓடும் செயலி ஒன்றிரண்டு கட்டாயம் மிஞ்சும். அதற்கு இணையப் பதிப்பு உண்டா என்று பாருங்கள்; இல்லையென்றால் வைனில் சோதியுங்கள்; அதுவும் இல்லையென்றால் ஒரே ஒரு விண்டோஸ் கணினியை விட்டுவையுங்கள். எப்படியிருந்தாலும் அந்தக் கணினியை ஒரு முழு நிதியாண்டு முடியும் முன் அழிக்காதீர்கள். தினமும் ஓடும் மேக்ரோக்கள் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறை, கணக்கு முடிக்கும் நாளில் மட்டும் ஓடுகிறது பாருங்கள், அதுதான் பட்டியலில் விடுபட்டிருக்கும்.